மீட்டரில் 97, ஆனால் அம்மா கண் விழிக்கவில்லை

மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து 43 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். பெயரையும் ஊரையும் தவிர்த்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு 68 வயது. புகைப் பழக்கம் இல்லாதவர். ஆனால் கல்யாணமாகி வந்த நாள் முதல் 40 ஆண்டுகள், ஜன்னல் இல்லாத சமையலறையில் விறகடுப்பின் முன் குனிந்து ஊதாங்குழலால் ஊதியவர். ஐந்து ஆண்டுகளுக்கு முன் சிஓபிடி என்னும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று கண்டுபிடித்தார்கள். சென்ற மார்கழியில் சளி முற்றி மருத்துவமனையில் ஒரு வாரம். வீட்டுக்கு அனுப்பும்போது, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் வாங்கச் சொல்லி, "நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வையுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரில் 88 முதல் 92 வரை இருந்தால் போதும்" என்றார்கள்.

இது வீட்டில் யாருக்கும் ஒப்பவில்லை. கொரோனாக் காலத்தில் 94க்குக் கீழே இறங்கினாலே ஆபத்து என்று படித்தவர்கள் அல்லவா? "ஐந்து லிட்டர் மெஷினை வாங்கிவிட்டு ஒரு லிட்டர் வைப்பதா?" என்று தம்பி கேட்டிருக்கிறார். ஒரு நாள் இரவு மீட்டர் 87 காட்டியது. மகள் பதறிப்போய் நான்கு லிட்டராக ஏற்றினார். அரை மணி நேரத்தில் 97. அம்மாவின் மூச்சிரைப்பு அடங்கியது, அயர்ந்து தூங்கினார். மகளும் பல நாள்களுக்குப் பிறகு நிம்மதியாகக் கண் அயர்ந்தார். விடிகாலை ஐந்து மணிக்குக் காப்பியுடன் போனால், அம்மாவை எழுப்ப முடியவில்லை. கை கதகதப்பாக இருந்தது, நாடி துள்ளியது, கூப்பிட்டால் ஏதோ உளறிவிட்டு மீண்டும் கண் செருகியது. மீட்டரில் அப்போதும் 97.

மருத்துவமனையில் மணிக்கட்டில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தின் அமில-கார நிலையைக் காட்டும் பிஹெச் 7.25 (எண் குறைந்தால் அமிலம் கூடுதல்), கரியமில வாயு 78. இறுக்கமான முகமூடி வழியே காற்று தள்ளும் இயந்திரத்தில் இரண்டு நாள் வைத்துத் தேற்றினார்கள். அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர், "யார் ஆக்சிஜனை ஏற்றியது?" என்று கேட்டாராம். அந்தக் கேள்விக்குப் பிறகு தனக்குத் தூக்கமே இல்லை என்கிறார் மகள். நான்தான் அம்மாவை அந்த நிலைக்குத் தள்ளினேனா? 97 இருக்கும்போது எப்படி நினைவு தப்பும்? ரத்தத்தில் அமிலம் ஏறியது என்கிறார்களே, புளியையும் எலுமிச்சையையும் நிறுத்திவிட்டோம், அது சரியா? சித்தப்பா ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கலந்து கொடுக்கச் சொல்கிறார், கொடுக்கலாமா? அதேபோல் முகமூடி வழியே காற்று தள்ளும் பைபாப் இயந்திரம் வீட்டுக்கும் தேவைப்படலாம் என்கிறார் மருத்துவர், தம்பியோ "வென்டிலேட்டர் மாட்டினால் கழற்றவே முடியாது" என்கிறார், என்ன செய்ய? இவைதான் முக்கியக் கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த இரவு ஆக்சிஜன் கூடியதால்தான் கரியமில வாயு ஏறியது. அதை மறைத்து உங்களைத் தேற்றினால், நாளை இன்னொரு முறை நீங்களோ தம்பியோ அதே குமிழைத் திருகக்கூடும். ஆனால் குற்றம் உங்களுடையதல்ல. 2020லும் 2021லும் தொலைபேசியில் பேசிய ஒவ்வொருவரிடமும் "94க்குக் கீழே போகவிடாதீர்கள்" என்று சொன்ன மருத்துவர்களில் நானும் ஒருவன். அந்த நோய்க்கு, அதுவரை நன்றாக இருந்த நுரையீரலுக்கு, அது சரியான எண். எல்லா நுரையீரலுக்கும் அது பொருந்தாது என்பதை நாங்கள் அதே அழுத்தத்துடன் சொல்லவில்லை. "88 முதல் 92" என்று சொல்லி அனுப்பியவர்கள், ஏன் என்று ஐந்து நிமிடம் உட்கார்ந்து விளக்கியிருந்தால் உங்கள் கை அன்று நான்குக்குப் போயிருக்காது. அந்த ஐந்து நிமிடத்தை இப்போது எடுத்துக்கொள்கிறேன்.

மூச்சை இழுக்கச் சொல்வது எது?

கிணற்றில் முங்கி மூச்சடக்கிய அனுபவம் உங்களுக்கு இருக்கலாம். முக்கால் நிமிடத்தில் நெஞ்சு முட்டிக்கொண்டு "மேலே வா" என்கிறது. ஆக்சிஜன் தீர்ந்துபோனதால் வரும் முட்டல் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அந்த நொடியில் உங்கள் விரலில் மீட்டரை மாட்டிப் பார்த்திருந்தால், அது அநேகமாக 95க்கு மேலேயே காட்டியிருக்கும். முட்ட வைப்பது வெளியே போகாமல் தேங்கிய கரியமில வாயு. (முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்கினால் நெடுநேரம் உள்ளே இருக்கலாம் என்று பையன்கள் சொல்வார்கள். கரியமில வாயுவை வெளியேற்றி எச்சரிக்கை மணியை அணைத்துவிடும் வேலை அது. நீருக்குள்ளேயே நினைவிழந்து இறந்தவர்கள் உண்டு. உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.)

சுரங்கக் காற்றை ஆராய்ந்த பிரிட்டிஷ் உடலியலாளர் ஜே. எஸ். ஹால்டேனும் அவருடைய சகா பிரீஸ்ட்லியும் 1905இல் இதை நிறுவினார்கள். சாதாரண நிலையில் மூச்சின் அளவைத் தீர்மானிப்பது ஆக்சிஜன் அல்ல, கரியமில வாயுவே. அந்த ஹால்டேனின் மகன்தான் 1957இல் இந்தியாவுக்கு வந்து இந்தியராகவே வாழ்ந்து புவனேஸ்வரத்தில் மறைந்த மரபியல் அறிஞர் ஜே. பி. எஸ். ஹால்டேன்.

மூளையின் அடித்தண்டில், முகுளம் என்னும் பகுதியில், கரியமில வாயுவால் ஏறும் அமிலத்தை உணரும் செல்கள் இருக்கின்றன. அந்த வாயு கொஞ்சம் கூடினாலும் மூச்சை ஆழமாக்கச் சொல்கின்றன. ஆக்சிஜனைக் கவனிக்கும் காவல்காரர் வேறு: கழுத்தில் ரத்தக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் அரிசி மணி அளவுள்ள இரண்டு உறுப்புகள். ஆக்சிஜன் நன்றாகக் குறைந்து, மீட்டர் 90ஐ ஒட்டி இறங்கும்போதுதான் அவை உரக்கக் குரல் கொடுக்கும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20,000 முறை நாம் நினைக்காமலே மூச்சு போய்வருவது இவர்களின் கண்காணிப்பில்தான்.

புளிக்கும் இந்த அமிலத்துக்கும் தொடர்பில்லை

கரியமில வாயு தண்ணீரில் கரைந்தால் அமிலமாகும். சோடா பாட்டிலில் இருப்பதும் அதுதான். ரத்தத்தின் பிஹெச் 7.35க்கும் 7.45க்கும் இடையே, ஒரு மயிரிழை அகலத்தில் நிற்க வேண்டும். அதை நிறுத்தி வைப்பது ஒரு தராசு. ஒரு தட்டில் கரியமில வாயு. அதை நுரையீரல் நிமிடக் கணக்கில் சரிசெய்யும். மறு தட்டில் பைகார்பனேட் என்னும் காரம். அதைச் சிறுநீரகம் சேர்த்தும் விட்டும் நாள் கணக்கில் சரிசெய்யும். இந்த இரண்டில் எது எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, இரண்டுக்கும் உள்ள விகிதம்தான் பிஹெச்சைத் தீர்மானிக்கிறது.

நீங்கள் அனுப்பிய மார்கழி மாத ரத்த வாயு அறிக்கையைப் பார்த்தேன். கரியமில வாயு 58. இயல்பு 35 முதல் 45. பைகார்பனேட் 32. இயல்பு 24ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஆனாலும் பிஹெச் 7.36. எனக்கு இந்த மூன்று எண்களும் உங்கள் அம்மாவின் பல ஆண்டுக் கதையைச் சொல்கின்றன. புகையில் கெட்டுப்போன மூச்சுக்குழல்களால் கரியமில வாயுவை முழுதாக வெளியேற்ற முடியவில்லை. அது மெல்ல மெல்ல ஏறியது. சிறுநீரகம் யாரிடமும் சொல்லாமல் காரத்தைச் சேர்த்துச் சேர்த்துத் தராசைச் சமன் செய்துகொண்டே வந்திருக்கிறது. 58 என்பது உங்களுக்கோ எனக்கோ வந்தால் தலை கிறுகிறுக்கும். அவர் அதனுடன்தான் பேத்திக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தார். அன்று இரவு நடந்ததோ சில மணி நேரத்தில் 58இலிருந்து 78. சிறுநீரகத்தால் அவ்வளவு விரைவில் ஈடுகொடுக்க முடியாது. தராசு சாய்ந்தது, பிஹெச் 7.25. கரியமில வாயு இவ்வளவு ஏறும்போது அது மூளைக்கு மயக்க மருந்தைப் போல வேலை செய்யும்.

ஆகவே புளியும் எலுமிச்சையும் இதில் நிரபராதிகள். உடல் ஒரு நாளில் உண்டாக்கும் கரியமில வாயு சுமார் 15,000 மில்லிமோல். உணவிலிருந்தும் பிற வழிகளிலும் சேரும் மற்ற அமிலங்கள் எல்லாம் கூடி 70ஐ ஒட்டித்தான். எலுமிச்சையின் சிட்ரேட்டைக் கல்லீரல் பைகார்பனேட்டாகவே மாற்றிவிடுகிறது. அம்மாவுக்கு ரசம் கொடுங்கள், எலுமிச்சை சாதம் கொடுங்கள். சிஓபிடி உள்ளவர்களுக்கு மூச்சு வாங்குவதற்கே நிறைய சக்தி செலவாகும். வாய்க்கு ருசியில்லாமல் சாப்பாடு குறைந்தால் மூச்சுத் தசைகள்தான் முதலில் மெலியும்.

ஆப்ப சோடா கூடவே கூடாது. சித்தப்பாவின் தர்க்கம் புரிகிறது: அமிலத்துக்குக் காரம். ஆனால் அந்தக் காரம் அமிலத்துடன் சேரும்போது பிறப்பது மீண்டும் கரியமில வாயு. வெளியேற்ற வழியில்லாதவருக்கு இன்னும் கொஞ்சம் சுமை. கூடவே அதிலுள்ள சோடியம் காலில் நீர் கோக்க வைக்கும்.

97 காட்டிய மீட்டர் பொய் சொல்லவில்லை

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ரத்தத்தின் நிறத்தைப் பார்த்து ஆக்சிஜனை மட்டும் கணிக்கிறது. கரியமில வாயு அதன் கண்ணுக்கே தெரியாது. உங்கள் அம்மாவின் ரத்தத்தில் ஆக்சிஜன் உண்மையிலேயே 97தான். குழாய் வழியே கூடுதல் ஆக்சிஜன் கொடுத்தால் சோர்ந்த மூச்சிலும் அது உள்ளே போய்விடும். ஆனால் கரியமில வாயு வெளியே வர வேண்டுமானால் காற்று உள்ளே போய் வெளியே வந்தாக வேண்டும்.

அதிக ஆக்சிஜன் எப்படிக் கரியமில வாயுவை ஏற்றியது? ஆக்சிஜன் குறைவு ஒன்றே மூச்சைத் தூண்டிக்கொண்டிருந்தது, அதைத் தீர்த்ததும் மூச்சு தூங்கிவிட்டது என்றுதான் பல காலம் பாடம் சொன்னார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அதைவிடப் பெரியது வேறொன்று. கெட்டுப்போன நுரையீரலில் காற்றுப் போகாத பகுதிகள் நிறைய. அங்கே ரத்தத்தை அனுப்பிப் பயனில்லை என்று நுரையீரலே அந்தப் பகுதிகளின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, காற்று வரும் பகுதிகளுக்கு ரத்தத்தைத் திருப்பிவிடுகிறது. வாய்க்காலில் விளையாத வயலின் மடையை அடைத்து மற்ற வயலுக்குப் பாய்ச்சுவதைப் போல. கூடுதல் ஆக்சிஜன் போனதும் அந்த மடைகள் எல்லாம் திறந்துகொள்கின்றன. காற்றோட்டமே இல்லாத இடங்களுக்கு ரத்தம் போய், கரியமில வாயுவை இறக்கி வைக்காமல் அப்படியே திரும்புகிறது. இன்னொன்றும் நடக்கிறது: ஹீமோகுளோபின் ஆக்சிஜனை நிறைய ஏற்றிக்கொள்ளும்போது, தான் சுமந்துவந்த கரியமில வாயுவை ரத்தத்தில் இறக்கிவிடுகிறது. நல்ல நுரையீரல் அதை ஊதித் தள்ளிவிடும், உங்கள் அம்மாவுடையதால் முடியவில்லை.

88 முதல் 92 என்பது யாரோ கஞ்சத்தனமாக வைத்த எல்லை அல்ல. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலத்தில் ஆம்புலன்ஸ் நோயாளிகளிடம் செய்து 2010இல் வெளியான ஆய்வில், மூச்சுத்திணறலுடன் வந்தவர்களில் ஒரு பிரிவுக்கு அதிக ஆக்சிஜனும், மற்றதற்கு இந்த எல்லைக்குள் நிற்குமாறு அளந்த ஆக்சிஜனும் கொடுத்தார்கள். அதிகம் பெற்றவர்களில் நூற்றுக்கு 9 பேர் இறந்தார்கள். அளந்து பெற்றவர்களில் 4 பேர். சிஓபிடி உறுதியானவர்களை மட்டும் எடுத்தால், அதிகம் பெற்றவர்களில் நூற்றுக்கு 9 பேர், அளந்து பெற்றவர்களில் 2 பேர்.

இனி வீட்டில்

அளவு இருப்பது போலவே ஆக்சிஜனுக்கு நேரமும் உண்டு. கரண்டு பில்லை நினைத்து "இரைக்கும்போது மட்டும்" வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நீண்டகால ஆக்சிஜனால் ஆயுள் கூடுகிறது என்பது 1980, 1981இல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளால் தெரியவந்தது. அதன்படி நாளைக்குக் குறைந்தது 15 மணி நேரம், தூங்கும் நேரம் உட்பட வைத்தால்தான் பலன். அம்மாவுக்கு அது தேவை என்று மருத்துவர் எழுதித் தந்திருந்தால், குறைந்த அளவு, நீண்ட நேரம். நீங்கள் செய்தது இதற்கு நேர்மாறு.

மீட்டர் 87 காட்டினால் முதலில் விரல் குளிர்ந்திருக்கிறதா, மருதாணி இருக்கிறதா, குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிடம் உட்கார வைத்து மீண்டும் அளந்தும் 88க்குக் கீழேதான் என்றால், அரை லிட்டர் மட்டும் கூட்டி, கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். 92ஐத் தாண்டினால் குறையுங்கள். எதுவரை கூட்டலாம், எந்த அளவில் கிளம்பி வர வேண்டும் என்பதை உங்கள் மருத்துவரிடம் எண்ணாகவே எழுதி வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், இந்தப் பதிலைப் படித்துவிட்டு யாரும் ஆக்சிஜனைப் பிடுங்கிவிடக் கூடாது. தேங்கிய கரியமில வாயுவுடன் இருப்பவருக்கு ஆக்சிஜனைத் திடீரென நிறுத்தினால், முன்பு இருந்ததைவிடவும் கீழே சரியும். அது இன்னும் ஆபத்து. குறைக்கலாம், நிறுத்தக் கூடாது.

மீட்டர் காட்டாததை உங்கள் கண்ணால் பார்க்கலாம். காலையில் எழும்போது தலைவலி, பகலில் பேச்சின் நடுவே தூங்கி விழுவது, தேதி, ஆள் அடையாளம் குழம்புவது, கை வழக்கத்துக்கு மாறாகச் சூடாக இருப்பது. இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கி, "நில்" என்பதைப் போல அரை நிமிடம் பிடிக்கச் சொல்லுங்கள். கை நிற்காமல் பறவை சிறகடிப்பதைப் போலப் படபடவென்று விழுந்து எழுந்தால், மீட்டர் எதைக் காட்டினாலும் 108ஐ அழையுங்கள். வருபவர்களிடம் முதல் வாக்கியமாக, "சிஓபிடி, கரியமில வாயு தேங்கும், 88 முதல் 92 வரை போதும்" என்று சொல்லுங்கள். பதற்றத்தில் வாய் வராது. ஓர் அட்டையில் எழுதி மெஷினிலேயே கட்டித் தொங்கவிடுங்கள்.

கடிதத்தின் ஓரத்தில், போகிற போக்கில், "தூக்கம் வராததால் மருந்துக்கடையில் ஒரு மாத்திரை வாங்கிக் கொடுப்போம்" என்று ஒரு வரி இருந்தது. என்னை அதிகம் பயமுறுத்தியது அந்த வரிதான். தூக்க மாத்திரைகளும், கோடீன் கலந்த இருமல் மருந்துகளும், தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மாத்திரைகளும் மூச்சுக்கு உத்தரவிடும் அந்த முகுளத்தையே மந்தமாக்கும். அன்றிரவும் அது கொடுக்கப்பட்டதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள், மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் மாதக்கணக்கில் தினமும் கொடுத்துவந்திருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிட வேண்டாம். எப்படிக் குறைப்பது என்பதை அவர் சொல்லட்டும்.

பிராணாயாமம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மூச்சை உள்ளே நிறுத்தும் கும்பகமும் வேகமாக அடித்து விடும் கபாலபாதியும் அம்மாவுக்கு வேண்டாம். சூடான காப்பியை ஆற்ற ஊதுவதைப் போல உதட்டைக் குவித்து, இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் மெதுவாக விடுவது மிக நல்லது. சுருங்கிக்கொள்ளும் மூச்சுக்குழல்களை அது திறந்து வைத்து, அடைபட்ட காற்றை வெளியே விடும்.

குளிக்க வெந்நீர் போட அம்மா இன்னும் கொல்லைப்புற விறகடுப்பில்தான் போய் உட்கார்கிறார், சொன்னால் கேட்பதில்லை என்கிறீர்கள். அந்தப் புகைதான் நோயின் வேர். மூக்கில் ஆக்சிஜன் குழாயுடன் தீ அருகில் போவது உயிருக்கே ஆபத்து. சாமி விளக்கு, ஊதுபத்தி, கொசுவத்திக்கும் இது பொருந்தும். திட்டினால் கேட்கமாட்டார். 40 ஆண்டுகள் அவருடைய இடம் அது. வெந்நீரை வேறு யாராவது கேஸ் அடுப்பில் போட்டு, அவர் எழுவதற்கு முன்பே எடுத்து வைத்துவிடுங்கள்.

பைபாப் பற்றித் தம்பியிடம்

தம்பி பயப்படுவது தொண்டைக்குள் குழாய் இறக்கும் வென்டிலேட்டரை நினைத்து. பைபாப் அதுவல்ல. முகமூடி, வேண்டும்போது மாட்டலாம், சாப்பிடக் கழற்றலாம். மருத்துவமனையில் அம்மாவை இரண்டு நாளில் மீட்டது அதே முறைதான் என்று அவரிடம் சொல்லுங்கள். ஆக்சிஜன் உள்ளே போக மட்டும் உதவும். பைபாப் காற்றைத் தள்ளி, கரியமில வாயு வெளியே வரவும் உதவும்.

ஆனாலும் இன்றே கடன் வாங்கி அதை வாங்க வேண்டியதில்லை. நெருக்கடி தீர்ந்த இரண்டு முதல் நான்கு வாரங்களில் கரியமில வாயு தானாகவே இறங்கிவிடுவது உண்டு. அப்போது மீண்டும் ரத்த வாயுப் பரிசோதனை செய்து, 53க்கு மேலேயே நின்றால் வீட்டு பைபாப் பயன் தரும். 2017இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில், அப்படிப்பட்டவர்களுக்கு ஆக்சிஜன் மட்டும் கொடுத்தபோது மீண்டும் மருத்துவமனையில் சேரவோ இறக்கவோ நேர்ந்த இடைவெளி 1.4 மாதம்; இரவில் இயந்திரமும் சேர்ந்தபோது 4.3 மாதம். அழுத்த அளவுகளை மருத்துவர்தான் அமைக்க வேண்டும்; கடைக்காரர் அல்ல. முடிந்தால் முதல் மாதம் வாடகைக்கு எடுத்து, முகமூடி அம்மாவுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

அந்த இரண்டு நாள் சிகிச்சை விவரங்களைத் தர மருத்துவமனை இழுத்தடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளைத் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ கவுன்சில் ஒழுங்குவிதிகள் சொல்கின்றன. அந்த 7.25, 78 இருக்கும் தாள், அடுத்த முறை அம்மாவைப் பார்க்கும் எந்த மருத்துவருக்கும் அவசியம்.

"இன்னொரு முறை அந்த ஊசிக்கு வரமாட்டேன்" என்று அம்மா சொல்வதாகக் கடைசியில் எழுதியிருந்தீர்கள். நியாயம்தான். அது வழக்கமாகக் கையை மடக்கி எடுக்கும் சிரை ரத்தம் அல்ல. மணிக்கட்டில் நாடி துடிக்கும் இடத்தில், ஆழத்தில் இருக்கும் தமனிக்குள் குத்துவது. வலிக்கும். ஆனால் அந்த இடத்தை முன்கூட்டியே மரத்துப்போகச் செய்யும் சிறு ஊசி ஒன்று உண்டு. அவசரமில்லாத பரிசோதனைக்கு அதைப் போட்டுவிட்டு எடுப்பதுதான் முறை. பல இடங்களில் கேட்டால்தான் போடுவார்கள். ரத்தம் எடுக்க வருபவர் அம்மாவின் கையைப் பிடிப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.